சிறு பாய்க்கலங்களில் இலத்திரனியற் காவலும் அந்தரங்கமும்

சிறு பாய்க்கலமேறித் தூரதேசம் செல்வோர் ஒன்றோடொன்று முரணும் இரு விருப்பங்களை உடையவர். எவருடைய கண்ணிலும் படாது தம் போக்கிலே செல்லவேண்டும் என்பது ஒன்று. இடர் வந்துற்றபோது எவரேனும் தம்மைக் கண்டு காக்கவேண்டும் என்பது மற்றையது. முற்காலத்து மாலுமிக்கு இம்முரணைப் பற்றிச் சிந்திக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. விரும்பினாலும் விரும்பாவிடினும் கரையைக் கடந்தபின் அவனைக் காண்பார் இலர். இக்காலத்து மாலுமியோ பல இலத்திரனியற் கருவிகளைத் தன் கலத்திற் கொண்டு செல்கின்றான். எந்த வேளையில், எவர்க்கு, எவ்வளவு தன்னைக் காட்டுவது என்பதைத் தானே தெரிந்தெடுக்கவேண்டியவனாகின்றான். அத்தெரிவுக்கு வேண்டிய அறிவினைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகைத் தனியே சுற்றிவந்த முதல் மனிதர் ஜோசுவா சிலோக்கம் என்பார். அவர் 1895 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிலிருந்து 'ஸ்பிறே' என்னும், ஏறக்குறைய 37 அடி நீளமான பாய்க்கலத்திற் புறப்பட்டு, 1898 ஆம் ஆண்டு மீண்டார். மகலன் நீரிணையில் நங்கூரமிட்ட இரவுகளில், கம்பளம் அறையும் சிற்றாணிகளைத் தட்டின் மேற் பரப்பிவிட்டு உறங்கினார். வெறுங்காலுடன் ஏறியோர் எழுப்பிய அலறலே அவருக்கு எச்சரிக்கை மணியாயிற்று. அக்காவல் அவர் இருப்பிடத்தை எவர்க்கும் அறிவிக்கவில்லை. அவ்வாறே எவரையும் துணைக்கு அழைக்கவும் அதனால் இயலாது. பத்தாண்டுகள் சென்றபின் அதே கலத்தில் மீண்டும் புறப்பட்ட சிலோக்கம் திரும்பவில்லை. எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பது இன்றுவரை அறியப்படாதது. முழுமையான அந்தரங்கத்தின் மறுபக்கம் அதுவே.

இரண்டு வினாக்கள்

கலத்திலுள்ள எந்தக் கருவியைப் பற்றியும் நாம் இரண்டு வினாக்களை எழுப்பவேண்டும். அது எப்பொழுது பேசுகின்றது? அதன் பேச்சினைக் கேட்போர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால், அக்கருவி தரும் காவலும் அதற்கு நாம் கொடுக்கும் விலையும் தாமே விளங்கும்.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஜீ. பீ. எஸ். எனப்படும் இடமறி கருவி நம் இருப்பிடத்தைச் செய்மதிக்குச் சொல்லிவிடுகின்றது எனப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகள் தம் நேரத்தையும் நிலையையும் ஓயாது அறிவிக்கின்றன. கலத்திலுள்ள கருவி அவற்றைக் கேட்டு, குறிகள் வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கின்றது. அது கேட்பதேயன்றிப் பேசுவதில்லை. அதனோடு பேசும் கருவி ஒன்று இணைக்கப்படும்போதே அந்தரங்கம் பற்றிய வினா பிறக்கின்றது.

பேசும் கருவிகளை நால்வகையாகப் பிரிக்கலாம்: எப்பொழுதும் எல்லோர்க்கும் பேசுவன, எப்பொழுதும் சிலர்க்கே பேசுவன, அழைக்கும்போது மட்டும் எல்லோர்க்கும் பேசுவன, இடர்ப்பட்டபோது மட்டும் மீட்போர்க்குப் பேசுவன.

எப்பொழுதும் எல்லோர்க்கும்

2006 ஆம் ஆண்டு ஒகஸ்ற் மாதம் 20 ஆந் திகதி மாலை, 'ஊசோ' என்னும் 25 அடிப் பாய்க்கலம் மூவருடன் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைற் தீவிலிருந்து புறப்பட்டது. மூவரும் கடலனுபவம் உடையவர். உயிர்காப்பு அங்கியும் அணிந்திருந்தனர். கலம் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. சில நாட்களில் அவர்களுடைய உடல்கள் கடலிற் கண்டெடுக்கப்பட்டன. ஆராய்ந்த பிரித்தானியக் கடல்விபத்துப் புலனாய்வுப் பிரிவு, நள்ளிரவின்பின் அவ்வழிச் சென்ற பெரிய பயணிகள் கப்பலொன்று ஊசோவை மோதியிருத்தல் கூடும், அல்லது மிக அண்மையிற் கடந்தமையால் எழுந்த அலை அதனைக் கவிழ்த்திருத்தல் கூடும் என்ற முடிவுக்கு வந்தது. கப்பலின் மேடையிலிருந்தோர் அதனை மிகப் பிந்தியே கண்டனர். கலத்திற் கட்டியிருந்த றேடார் தெறிகருவியும் போதிய எதிரொலியைக் கொடுக்கவில்லை. கலம் அமிழ்ந்தபின் அம்மூவரும் நீரில் உயிரோடிருந்த மணித்தியாலங்களில், அவர்கள் அங்கே கிடக்கின்றனர் என்பதை உலகில் ஒருவரேனும் அறிந்திருக்கவில்லை.

இதனைக் கணக்கிற் காண்போம். 12 மீற்றருக்குக் குறைந்த நீளமுடைய கலத்தின் பக்கவிளக்குகள் ஒரு கடல்மைல் தூரத்திற் தெரிந்தாற் போதும் என்பது கடற்பாதை விதி. மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல் அத்தூரத்தை மூன்றே நிமிடத்திற் கடந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துள்ளே ஒருவர் காணவேண்டும், காண்பது யாதென உணரவேண்டும், பாரிய கப்பலைத் திருப்பவும் வேண்டும்.

இக்குறையைப் போக்க வந்ததே ஏ. ஐ. எஸ். எனப்படும் தன்னியக்க அடையாள முறை. கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பயணஞ் செய்யும் 300 தொன்னும் அதற்கு மேலுமான கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் 2004 ஆம் ஆண்டின் முடிவுக்குள் இதனைப் பொருத்தவேண்டியனவாயின. பெரும்பாலான நாடுகளிற் சிறு உல்லாசக் கலங்களுக்கு இது கட்டாயமன்று. அவற்றுக்கென 'பீ' வகுப்புக் கருவி உண்டு. கலத்தின் இடம், வேகம், செல்லும் திசை, ஒன்பது இலக்க அடையாள எண் ஆகியவற்றை 161.975, 162.025 மெகாஹேட்ஸ் மீடிறன்களில் அது அறிவிக்கும். கலத்தின் பெயரும் அளவும் இடையிடையே செல்லும். அவ்வொன்பது இலக்கங்களுள் முதல் மூன்று நாட்டைக் குறிப்பன, இலங்கைக்குரியது 417.

ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரே மீடிறனிற் பேசினாற் குழப்பம் நேராதோ என மாணவர் வினவலாம். ஒரு நிமிடம் 2,250 சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய கூற்றில் மட்டும் பேசும். பெரிய கப்பலின் கருவி 12.5 உவாற்று வலுவுடன், வேகத்துக்கேற்ப 2 முதல் 10 செக்கன்களுக்கு ஒருமுறை பேசும். சிறுகலத்தின் எளிய கருவி 2 உவாற்று வலுவுடன், ஓடும்போது 30 செக்கன்களுக்கு ஒருமுறை பேசும். அவைக்கு அஞ்சும் இளையவர்போல, அது முதலில் வெற்றிடம் உண்டோ எனச் செவிகொடுத்துக் கேட்டே வாய்திறக்கும்.

இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. ஆதலின் உணர்கொம்பின் உயரமே தூரத்தை நிருணயிக்கும். இரண்டு உணர்கொம்புகளின் உயரங்களை மீற்றரிற் கொண்டு, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.2 ஆற் பெருக்கினால் அடிவானத் தூரம் கடல்மைலிற் கிடைக்கும். பாய்மரவுச்சியில் 9 மீற்றரும் கப்பலில் 36 மீற்றரும் எனக் கொண்டால், 3 உம் 6 உம் 9, அதன் 2.2 மடங்கு ஏறக்குறைய 20 கடல்மைல். சிறுகருவியின் வலு குறைவாதலின் அதிற் பாதித் தூரத்திலேயே கேட்கும் எனினும், முற்கூறிய கப்பலுக்கு 30 நிமிட அவகாசம் உண்டு. மூன்று நிமிடம் முப்பது நிமிடமாகின்றது. இதுவே இக்கருவி தரும் காவல்.

இனி அதன் விலையை நோக்குவோம். இம்முறையிற் செல்லும் செய்தி மறைகுறியிடப்படாதது, எவரும் கேட்கலாம். கரையோரங்களில் ஆர்வலர் பலர் சிறு வாங்கிகளை வைத்துக் கேட்டதை இணையத்திற்கு அனுப்புகின்றனர். செய்மதிகளும் கேட்கின்றன. கப்பல்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்காகச் சொன்ன சொல், ஆயிரம் கல்லுக்கு அப்பால் அறையில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டுகின்றது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடற்பாதுகாப்புக் குழு 2004 திசெம்பரிலேயே, இத்தகவலை இணையத்தில் எவரும் காண வெளியிடுதல் கப்பல்களின் பாதுகாப்புக்குக் கேடு எனக் கண்டித்தது. அக்கண்டனத்தால் வழக்கம் நிற்கவில்லை.

இதில் ஆழ்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வாய்ச்சொல் காற்றோடு போவது. இக்கருவியின் சொல்லோ சேமிக்கப்படுகின்றது. இன்று எங்கே நிற்கின்றான் என்பது மட்டுமன்று, சென்ற ஆண்டு எந்த விரிகுடாவில் எத்தனை இரவு தங்கினான் என்பதும் ஏட்டில் ஏறிவிடுகின்றது. கலத்தின் பெயரை அறிந்தவன் உரிமையாளனையும் அறிவானாயின், அவன் வீடு பூட்டிக்கிடக்கின்றது என்பதையும் ஊகித்துக்கொள்வான்.

ஆயின் கருவியை நிறுத்திவிடுதலே தக்கதோ? பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுதானும் பேசாதே என்பது நம் பழமொழி. நிலத்துக்கு அது நன்று. கடலில், கப்பற்பாதையில், இரவிலே பேசாதிருத்தல் ஊசோவின் கதியை நாடுதலாகும். எனினும் கடற்கொள்ளையர் நடமாடும் இடங்களில் நிலைமை வேறு. தொடர்ந்து இயக்குதல் கப்பலின் பாதுகாப்புக்குக் கேடாகும் எனத் தலைவன் கருதினால் கருவியை நிறுத்தலாம் எனவும், நிறுத்தியதையும் காரணத்தையும் கப்பற் குறிப்பேட்டிற் பதியவேண்டும் எனவும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. சிறுகலக் கருவிகள் பலவற்றில், பேச்சை மட்டும் நிறுத்திக் கேட்டலைத் தொடரவைக்கும் ஆளியும் உண்டு. அதனை அழுத்தியவர் மீண்டும் திருப்ப மறத்தலே பெரிய ஆபத்து. தான் மற்றவரைக் காண்கின்றமையால் மற்றவரும் தன்னைக் காண்கின்றனர் என்ற மயக்கம் அவனைப் பற்றிக்கொள்ளும்.

எப்பொழுதும் சிலர்க்கே

இரண்டாம் வகை செய்மதித் தடங்காட்டி. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி, குறித்த இடைவேளைதோறும் தன் இடத்தைச் செய்மதி வழியாக ஒரு நிலையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து வீட்டாரோ நண்பரோ காண்பர். யார் காண்பது என்பதை உரிமையாளன் தானே வரையறுத்துக்கொள்ளலாம். ஆனால் பலர் அவ்வாறு செய்யாது, படத்தை எல்லோர்க்கும் திறந்துவைத்து விடுகின்றனர். அப்போது இதுவும் முதல்வகைக் கருவியாகின்றது. கடவுச்சொல்லிட்டுக் காப்பதும், நங்கூரமிடும் இடத்தைச் சில மணித்தியாலம் பிந்தி வெளியிடுவதும் எளிய வழிகள்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1968 ஆம் ஆண்டு தனியே இடைநில்லாது உலகைச் சுற்றும் போட்டி ஒன்று நடந்தது. அதிற் கலந்துகொண்ட டொனால்ட் குறோஹேர்ஸ்ற் என்பார் அத்திலாந்திக் கடலிலேயே சுற்றித்திரிந்துகொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியிற் பொய்யான செய்தி அனுப்பினார். அவர் சொல்லைத் தவிர வேறு சான்று எவரிடமும் இல்லை. 1969 யூலையில் அவர் கலம் ஆளின்றி மிதந்தபோதே உண்மை வெளிப்பட்டது. அப்போட்டியின் நினைவாக 2018 ஆம் ஆண்டு மீண்டும் ஒரு போட்டி நடந்தது. பழைய முறைப்படி, விண்மீனும் சூரியனும் நோக்கியே வழிகாணவேண்டும் என்பது விதி. ஆனால் ஒவ்வொரு கலத்திலும் தடங்காட்டி பொருத்தப்பட்டிருந்தது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் ரொமியின் 'துரியா' செப்ரெம்பர் 21 ஆந் திகதி தென்னிந்து சமுத்திரப் புயலிற் பாய்மரம் முறிந்து உருண்டது. முதுகெலும்பில் அடிபட்டு எழவும் இயலாது கிடந்த அவர், தாம் அடிபட்டதை அச்செய்மதிக் கருவியாற் தெரிவித்தார். அவர் கிடந்த இடம் அறியப்பட்டமையால் விமானங்கள் வந்து நோக்கின. மூன்றாம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது.

நம் நாட்டிலும் இவ்வகைக் கருவி புதியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இலங்கை மீனுக்கு விதித்து 2016 இல் நீக்கிய தடையையொட்டி, ஆழ்கடல் செல்லும் நம் பலநாட்கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை கடற்றொழிற் திணைக்களத்துக்குப் பேசுவன, அயற்கலத்துக்கு அல்ல. நல்ல மீன்தளத்தைக் கண்டவன் அதனை அயலானுக்குக் காட்ட விரும்பான். அவனுடைய அந்தரங்கம் அவனுடைய பிழைப்பு.

அழைக்கும்போது எல்லோர்க்கும்

மூன்றாவது, வீ. எச். எவ். வானொலித் தொலைபேசி. பொத்தானை அழுத்திப் பேசும்போது மட்டுமே இது பேசும். ஆனால் எட்டுந் தூரத்திலுள்ளார் யாவரும் கேட்பர். இடர் அழைப்புக்கு 16 ஆம் அலைவரிசை உரியது. 70 ஆம் அலைவரிசையிற் செல்லும் எண்முறை அழைப்புக்கு, மூடிக்குக் கீழுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினாற் போதும். கலத்தின் எண்ணும் இடமும் கணத்திற் பரவும். ஆனால் இடமறி கருவியிலிருந்து வானொலிக்குக் கம்பி இணைத்திருந்தாலன்றி இடம் செல்லாது. பல கலங்களில் அவ்விணைப்புச் செய்யப்படாதிருத்தல் வருந்தத்தக்கது.

எண்முறையில் ஒரு கலத்தைத் தனியே அழைக்கவும் இயலும். அதனாற் பின்வரும் உரையாடலும் தனிப்பட்டது எனச் சிலர் ஏமாறுகின்றனர். மணியோசை ஒருவனுக்குக் கேட்கலாம். பேச்சோ திறந்த வெளியில் நிகழ்வது. தமக்குரியதல்லாத வானொலிச் செய்தியைப் பிறர்க்கு வெளியிடலாகாது எனச் சர்வதேச வானொலி விதிகள் கூறுகின்றன. ஆயினும் விதி காதுகளை அடைப்பதில்லை. கலத்தில் எத்தனை பேர் உளர், எப்பொழுது கரைக்குச் செல்வர் என்பனவற்றை அங்கே பேசாதிருத்தலே அறிவுடைமை.

இடரின்போது மட்டும்

நான்காம் வகை, அந்தரங்கத்தை விரும்புவோர்க்கு மிகவும் உகந்தது. ஈபேர்ப் எனப்படும் இடர்காட்டும் மிதவை ஆண்டுக்கணக்கில் வாய்திறவாது சுவரிற் தொங்கிக்கொண்டிருக்கும். கலம் அமிழ்ந்தாலோ கையால் இயக்கினாலோ 406 மெகாஹேட்ஸ் மீடிறனில், ஏறத்தாழ 50 செக்கன்களுக்கு ஒருமுறை அரைச் செக்கன் நேரம் பேசத் தொடங்கும். மின்கலம் குறைந்தது 48 மணித்தியாலம் நிலைக்கவேண்டும் என்பது விதி. இதனைக் கேட்கும் செய்மதித் திட்டம் கொஸ்பாஸ்–சார்சாற் எனப்படும். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் பகைமை மிகுந்த காலத்திலேயே கூடித் தொடங்கிய திட்டம் அது. அதன் முதற் செய்மதி 1982 யூனில் ஏவப்பட்டது.

தாழப் பறக்கும் செய்மதி இடத்தைக் காணும் முறை நம் பௌதிகவியல் வகுப்பிற் படித்ததே. புகையிரதம் நெருங்கும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். அவ்வாறே செய்மதி மிதவையை நெருங்கி விலகும்போது மீடிறன் மாறுவதை அளந்து, சில கிலோமீற்றருக்குள் இடத்தைக் கணிப்பர். இடமறி கருவி பொருத்திய மிதவை தன் இடத்தைத் தானே சொல்லும்.

2009 ஒக்ரோபரில் சீசெல்ஸ் தீவுகளிலிருந்து தன்சானியாவை நோக்கிச் சென்ற 'லின் றைவல்' என்னும் பாய்க்கலத்தைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தனர். அதிலிருந்த பிரித்தானியத் தம்பதியர் ஓராண்டுக்கு மேற் சிறையிருந்து 2010 நவம்பரிலேயே விடுதலையாயினர். கலத்திற்கு ஏதோ நேர்ந்தது என உலகுக்கு முதலில் உணர்த்தியது இத்தகைய மிதவையின் குறியே. மிதவை அவர்களைக் காக்கவில்லை எனினும், அவர்கள் சிலோக்கத்தைப்போலச் சுவடின்றி மறையவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிதவை சொல்வது முதன்மையாக ஓர் எண்ணையே. அவ்வெண்ணுக்குரியவர் யார், கலத்தின் நிறம் யாது, எவரைத் தொலைபேசியில் அழைப்பது என்பன அந்நாட்டுப் பதிவேட்டில் உள்ளன. மீட்புப் பணியினர் தவிர வேறெவரும் அதனைக் காண்பதற்கில்லை. எனினும் அந்தரங்கம் பேணுவதாக எண்ணிப் பதிவு செய்யாது விடுவோரும், பழைய முகவரியை மாற்றாதோரும் உளர். மிதவைக் குறிகளிற் பெரும்பாலானவை தவறுதலாய் எழுவன. ஆதலின் மீட்பு நிலையத்தார் முதலில் வீட்டுக்கு அழைத்து, கலம் கடலில் உண்டோ, எத்தனை பேர், எவ்வழி என விசாரிப்பர். அவ்வழைப்புக்கு விடையில்லையேல் நேரம் வீணாகும். நீரிற் கிடப்பவனுக்கு அந்நேரம் உயிரே. எல்லோர்க்கும் கேட்கும் கருவியில் ஊரறியப் பேசிவிட்டு, காப்பவர் மட்டும் காணும் ஏட்டிற் பெயரெழுத அஞ்சுதல் பேதைமை.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அந்தரங்கமும் காவலும் ஒன்றையொன்று முற்றாக அழிப்பன அல்ல என்பது புலப்படும். கப்பற்பாதையிலும் இருளிலும் மூடுபனியிலும் ஏ. ஐ. எஸ். பேசுக. கொள்ளை அச்சமுள்ள இடத்தில் ஆராய்ந்து நிறுத்துக. நிறுத்திய நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. தடங்காட்டியின் படத்தை வீட்டாரும் நம்பிக்கைக்குரிய சிலரும் மட்டும் காண்க. வானொலியில் ஊர் கேட்கத் தக்கதையே பேசுக. மிதவையின் பதிவில் மட்டும் ஒன்றையும் ஒளிக்காது எழுதுக. புறப்படுமுன் ஒருநாள், கலத்திலுள்ள கருவிகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் முற்கூறிய இரு வினாக்களுக்கும் விடை எழுதுதல் மாலுமிக்கு நல்ல பயிற்சியாகும்.

கடலிற் செல்லாதார்க்கும் இப்பாடம் உரியதே. நம் சட்டைப்பையிற் கிடக்கும் தொலைபேசியும் பேசும் கருவிதான். மாணவர்கள் பௌதிகவியலைப் பரீட்சைக்கு மட்டும் உரியதெனக் கொள்ளாது, தாம் கையாளும் கருவி எப்பொழுது பேசுகின்றது, யார்க்குப் பேசுகின்றது என வினவப் பழகுவார்களாக. அவ்வறிவு உடையவன் கருவியை ஆள்வான். இல்லாதவனைக் கருவி காட்டிக்கொடுக்கும், அல்லது கைவிட்டுவிடும்.